முப்பத்தோராம் பக்கத்தைத் தின்றவன்

நான் ஒரு கொப்பித் தாளைத் தின்றிருக்கிறேன். பசியில் அல்ல, பந்தயத்திலும் அல்ல, பயத்தில். ஓரத்துச் சிவப்புக் கோடு உட்பட முழுத் தாளையும் தின்றேன். ருசி எப்படி என்று கேட்பவர்களுக்கு: முதல் வாயில் ஒன்றும் தெரியாது, நாலாம் வாயில் பழைய பசை மாதிரி நாக்கில் ஒட்டும், அதற்குப் பிறகு தொண்டை தன் பாட்டில் மூடிக்கொள்ளும். இன்றைக்கும் கலியாண வீடுகளில் நான் எதையும் தின்பேன் என்று யாராவது பகிடி விட்டால் எல்லாரையும் விடப் பெரிதாகச் சிரிப்பவன் நான்தான். அந்தத் தாளின் கதையை மட்டும் யாருக்கும் சொல்வதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. சண்டைக் காலம். துறைமுகப் பக்கம் ஒரு சத்தம் கேட்டால் போதும், லிங்கநகரில் இருந்த எங்கள் வீட்டில் அம்மா உடனே தலைகளை எண்ணத் தொடங்கிவிடுவார். அப்பா, அக்கா, நான். அந்த வருடம் எண்ணுவதற்கு இன்னொரு தலையும் வந்து சேர்ந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் சின்னமாமா.

மாமா இலங்கைத்துறையில் ஒரு கூட்டுறவுக் கடையில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். கடையில் சாமானும் இல்லை, ஊரில் ஆட்களும் இல்லை என்று ஆனபின் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டார். அவருக்கு இருபத்து நாலு வயது. அந்த நாட்களில் திருகோணமலையில் ஒரு தமிழ்ப் பெடியனுக்கு இருக்கக்கூடிய ஆக மோசமான வயது அதுதான். கடைத்தெருவுக்குப் போய் ஒரு சவர அலகு வாங்கி வருவதற்குள் அவரை மூன்று இடத்தில் மறித்து, மூன்று தரம் பெயர் கேட்டு, மூன்று தரம் முகத்தையும் அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். வீடு திரும்பும்போது அவருடைய சேர்ட் முதுகோடு ஒட்டியிருக்கும்.

இதிலிருந்து தப்ப ஒரு வழி இருந்தது. நகரத்தில் ஒரு வெளிநாட்டு நிவாரண அலுவலகத்தில் ஸ்டோர்கீப்பர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அந்த வேலை கிடைத்தால் படம் ஒட்டிய அட்டை ஒன்று கழுத்தில் தொங்கும். அட்டை தொங்கும் கழுத்தை யாரும் அவ்வளவு இலேசாகப் பிடிப்பதில்லை. திங்கட்கிழமை காலை நேர்முகம். எல்லாம் ஆங்கிலத்தில். மாமாவின் ஆங்கிலமோ மூட்டை கட்டி மூலையில் வைத்தது மாதிரி. இருந்தது, ஆனால் எடுக்க வராது.

வீட்டில் ஆங்கிலத்துக்குப் பரிசு வாங்கியவன் ஒருவன்தான் இருந்தான். பரிசு ஒரு பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டி என்பதை விட்டுவிடுவோம். நான் மாமாவுக்கு வாத்தியாரானேன்.

ஒழுங்கு இதுதான். ஒவ்வொரு பின்னேரமும் மாமா பத்து வசனம் எழுத வேண்டும். சிரிப்பு வராத வசனம் மண்டையில் நிற்காது என்று மாமாவே சொன்னதால், பத்தும் பகிடியாக இருக்க வேண்டும். நான் பென்சிலால் பிழை திருத்துவேன். ஒரு பிழைக்கு ஒரு குட்டு. மாமா நிலத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, தலையைக் குனிந்து, "ம், போடு மருமோன்" என்பார். நான் கதிரையில் ஏறி நின்று, விரல் முட்டியை ஊதிச் சூடாக்கிக்கொண்டு போடுவேன். பெரிய ஆளின் தலையில் குட்டும் உரிமை பத்து வயதில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

மாமாவின் முதல் வசனங்கள் களஞ்சியத்தை விட்டு வெளியே வரவில்லை. பருப்பு மூட்டையில் இருக்கிறது. மூட்டை மூலையில் இருக்கிறது. "மாமா, இதில என்ன சிரிப்பு?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, மூட்டைக்குள் ஓர் எலி இருக்கிறது, எலிக்கு ஆங்கிலம் தெரியாது என்று எழுதினார். அன்றைக்கு அக்காகூடச் சிரித்தாள். இன்னொரு நாள் காய்ச்சல் என்று சொல்ல, "ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்" என்று எழுதிக் காட்டினார். "காய்ச்சல் என்ன இடியப்பமா மாமா, ஹேவிங் பண்ண?" என்று சொல்லி இரண்டு குட்டுப் போட்டேன்.

"ஒரு பிழைக்கு ரெண்டு குட்டோ? இது அளாப்பல், கள்ள ஆட்டம்."

"மற்றது வட்டி."

மாமாவுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. கடையில் புதுப் பதிவேடு வந்தால் ஸ்டோர்கீப்பர் முதலில் செய்வது, எல்லாப் பக்கத்துக்கும் இலக்கம் போட்டு, இதில் இத்தனை பக்கம் இருக்கிறது என்று அட்டையின் உட்பக்கம் எழுதிக் கையெழுத்து வைப்பது. இடையில் யாராவது ஒரு தாளைக் கிழித்தால் உடனே தெரிந்துவிடும். பகிடி எழுதும் எண்பது பக்கக் கொப்பிக்கும் மாமா அதைச் செய்திருந்தார். ஒன்றிலிருந்து எண்பது வரை, குண்டு குண்டான இலக்கங்கள். கையெழுத்துக்குக் கீழே இரட்டைக் கோடு.

நேர்முகத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை எதிர்கால வசனங்களுக்கு வந்தோம். மாமா வழக்கம்போல அரிசி நாளைக்கு வரும் என்று எழுதினார். இப்படி எழுதினால் வெள்ளைக்காரன் நித்திரையாகிவிடுவான் என்று சொல்லி, மாதிரிக்கு ஒன்று நானே எழுதினேன். "என் மாமா நாளைக்கு ஒரு தேங்காயால் பெரிய கப்பலை மூழ்கடிப்பார்." ஆங்கிலத்தில், பிழையில்லாமல். அதோடு நின்றிருக்கலாம். கீழே படமும் வரைந்தேன். வளைந்த துறைமுகம், இறங்குதுறை, அதில் பீரங்கியோடு ஒரு கப்பல், கரையில் கையில் தேங்காயோடு மாமா, தேங்காய் போகும் வழிக்கு ஓர் அம்புக்குறி. கண்ணால் பார்த்த துறைமுகம் என்பதால் படம் நன்றாகவே வந்தது. மாமாவுக்குக் காட்டாமல் கொப்பியை மூடினேன். திங்கள் காலை அவர் புறப்படும்போது காட்டிச் சிரிக்க வைப்பது என் திட்டம்.

சனிக்கிழமை காலை நாய்கள் குரைத்தன. ஒரு நாயல்ல, எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு எல்லா நாயும். பிறகு எல்லாம் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டன. அதுதான் அதிகம் பயமாக இருந்தது. அக்கா ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "சுத்தி வளைச்சிட்டாங்கள்" என்று மூச்சால் சொன்னாள்.

கிணற்றடியில் பாதி முகம் சவரம் செய்தபடி மாமா அப்படியே நின்றார். அம்மா அவருடைய அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் தேடினார். அப்பா கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பயம் அவருக்கு எப்போதும் வயிற்றில்தான் இறங்கும். எனக்கு அந்தப் படம் நினைவு வந்தது.

வீட்டுக்குள் ஒரு பழைய வீதி வரைபடம் இருந்ததற்கே ஆட்களைக் கொண்டுபோன காலம். மேசையில் துறைமுகம், கப்பல், அம்புக்குறி, நாளைக்கு மூழ்கடிப்பார் என்ற வாக்குமூலம். நான் கொப்பியைத் திறந்து தாளைக் கிழித்தேன். அடுப்பில் போடலாம் என்று ஓடினேன். குசினி வாசலில் சப்பாத்துகள் தெரிந்தன. கக்கூசில் போடலாம் என்றால் உள்ளே அப்பா. கிணற்றில் போட்டால் மிதக்கும். திரும்பி அறைக்குள் வந்து வாய்க்குள் போட்டேன்.

முதலில் கப்பலைத் தின்றேன். பிறகு இறங்குதுறையை. தேங்காய் தொண்டையில் சிக்கியது. மாமாவைத் தின்ன மனம் வரவில்லை, கடைசிக்கு வைத்தேன். படமும் வசனமும் பென்சிலில்தான் இருந்தன, என் காற்சட்டைப் பைக்குள் அழிறப்பர் இருந்தது, இரண்டு தேய்ப்பில் எல்லாம் போயிருக்கும் என்பது எனக்கு உதித்தபோது நாற்பது வயது தாண்டியிருந்தது. மூளை எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வேலைக்கு வரும்.

சீருடையில் நாலு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் கண்ணாடி போட்ட அதிகாரி. சத்தம் போடாதவர். அலுமாரியைத் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டு, மேசையடியில் நின்று கொப்பியைப் புரட்டினார். எலிக்கு ஆங்கிலம் தெரியாது என்ற இடத்தில் சிரித்தேவிட்டார். ஒரு பக்கம் சவரநுரை காய்ந்த முகத்தோடு மாமாவும் சிரித்தார். என் வாய்க்குள் மாமா பாதி கரைந்திருந்தார். தப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

அதிகாரியின் விரல் நின்றது. முப்பது. அடுத்தது முப்பத்து மூன்று. அவர் கொப்பியை முன்னுக்குத் திருப்பி, அட்டையின் உட்பக்கத்தில் இருந்ததை வாசித்தார். கையெழுத்தையும் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். "முப்பத்தோராம் பக்கம் எங்கே?"

"எண்பது பக்கமும் இருக்கிறது, சேர். நானே எண்ணினேன்" என்றார் மாமா.

அந்த ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லை. மூன்று கிழமையாக நான் குட்டிக் குட்டிக் கொண்டுவந்த ஆங்கிலம். எனக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. வசனம் சரி, விஷயம்தான் பிழை. அதிகாரி கொப்பியை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தார். மாமா இலக்கங்களைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். தன்னுடைய களஞ்சியத்தில் மூட்டை குறைந்ததைக் கண்ட மனிதரின் முகம் அது.

"புதுசாக் கிழிச்சிருக்கு. அதில என்ன இருந்தது?" என்று கூட வந்த ஒருவன் கொச்சைத் தமிழில் கேட்டான்.

"எனக்குத் தெரியாது ஐயா. உண்மையா எனக்குத் தெரியாது."

தெரிந்தவன் மூன்றடி தூரத்தில் கன்னம் புடைக்க நின்றான். வாசலில் நின்ற சீருடைக்காரன் என் கன்னத்தைச் சுட்டிக் காட்டினான். அம்மா பதறிப்போய் என்னைத் தன் பக்கம் இழுத்து, "இவனுக்குப் பல்லுவலி ஐயா, வீங்கிப்போச்சு" என்றார். அது பொய்யா, அவர் உண்மையிலேயே அப்படி நினைத்தாரா, தெரியாது. அம்மாவின் உள்ளங்கை கன்னத்தை அழுத்திய அழுத்தத்தில் கடைசித் துண்டும் உள்ளே போயிற்று.

இப்போது வாய் வெறுமை. அவர்கள் மாமாவை வாசல் படலையடிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். நான்தான் கிழித்தேன், நான்தான் தின்றேன் என்று சொல்ல இரண்டு சின்ன வசனம் போதும். சவர்க்காரப் பெட்டி வாங்கியவனுக்கு அது ஒரு வேலையா? நிகழ்காலம், இறந்தகாலம் எல்லாம் தலைக்குள் வரிசையாக நின்றன. ஒன்றும் இறங்கி வரவில்லை. தமிழில்கூட வரவில்லை. வந்தது மூத்திரம் மட்டும். வாகனம் திரும்பும்போது மாமா எங்களைப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் சவரம் செய்யாத கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா நேர்முகத்துக்கு வரச்சொன்ன கடிதத்தை எடுத்துக்கொண்டு, ஊர் அதிகாரியான விதானையாரையும் கூட்டிக்கொண்டு மாமாவைத் தேடி அலைந்தார். சனி போனது. ஞாயிறு போனது. அம்மா ஒவ்வொரு முறையும் எண்ணி மூன்றோடு நிறுத்தினார். நான் சாப்பிடவில்லை. வயிற்றுக்குள் அந்தக் கப்பல் நிற்பதாக நினைத்தேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணி அடித்தபோது, நேர்முகத்துக்கென்று மினுக்கித் தொங்கவிட்டிருந்த மாமாவின் வெள்ளை சேர்ட்டை அக்கா கழற்றி மடித்து வைத்தாள்.

செவ்வாய் மத்தியானம் மாமா வந்தார், நடந்தே. சோறு போட்ட கோப்பையைத் தொடாமல் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மருமோன், அந்தத் தாள் எங்க?"

"திண்டிட்டன்."

"திண்டிட்டியோ? என்னடா இருந்தது அதில?"

"நீங்கள், ஒரு தேங்காய், ஒரு கப்பல்." அம்புக்குறியையும் சொன்னேன்.

மாமா சிரிக்கத் தொடங்கினார். நிறைய நேரம் சிரித்தார். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். "நல்ல காலம் திண்டனீ" என்றார் மாமா கடைசியில். "அது இருந்திருந்தால் நான் வந்திருக்க ஏலாது." எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்று நாளாகக் குற்றவாளி, இப்போது மாமாவைக் காப்பாற்றிய வீரன். அன்றிரவு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அந்த நிவாரண அலுவலக வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. ஆனாலும் இன்னோர் இடத்துக்கு எழுதிப் பார்க்கலாம் என்று அப்பா சொல்ல, புதன்கிழமை மாமா புதுக் கொப்பி ஒன்றைத் திறந்தார். இந்த முறை பக்க இலக்கம் போடவில்லை. அட்டையில் கையெழுத்தும் வைக்கவில்லை. பத்து வசனம் எழுதி நீட்டினார். ஒன்றிலும் பகிடி இல்லை. பிழை மட்டும் மூன்று. நான் கதிரையில் ஏறி, விரல் முட்டியை ஊதிச் சூடாக்கி, கையை ஓங்கினேன்.

மாமா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு சுருண்டார்.

"மாமா, இது அளாப்பல்!" என்று கத்தினேன். எனக்குச் சரியான கோபம். மூன்று நாள் வெளியே நின்றுவிட்டு வந்தால் ஆட்டத்தின் விதி மாறிவிடுமா? அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விலக்கினேன். பிரிக்கப் பிரிக்க அவை நடுங்கின. சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணி, மூன்றையும் குட்டி முடித்துத்தான் கதிரையை விட்டு இறங்கினேன்.