அக்காவுக்கு ஒரு படம்

பல்லடத்துக்குப் பக்கத்தில், விசைத்தறிக் குடோன்களை ஒட்டி வரிசையாகக் கட்டியிருந்த வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் தறி ஓட்டும் ஒருவரும், அவர் மனைவியும், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும். அந்த மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மகள் படித்த பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை. அங்கே என்னை மிஸ் என்பாள், வீட்டுக்கு வந்துவிட்டால் சித்தி.

அன்றைக்கு அக்காவுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளறையில் படுத்திருந்தார். முன்னறையில் நூல் மூட்டைகள். பிரிட்ஜ் ஒயரில் பிடித்த தீ நூலுக்குத் தாவியது என்று பிறகு சொன்னார்கள். அக்கா எழுந்து கத்தியிருக்க வேண்டும், சுவரைத் தட்டியிருக்க வேண்டும். வரிசை முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கணவர் எதிர்க் குடோனில்தான் நின்றிருந்தார், அவருக்கும் கேட்கவில்லை. கூரைக்கு மேல் புகையைப் பார்த்துத்தான் எல்லோரும் ஓடினார்கள். அதற்குள் முடிந்துவிட்டது.

பள்ளிக்குப் போன் வந்தது. அந்தப் பெண்ணை என் ஸ்கூட்டரில் உட்கார வைத்துக் கூட்டி வந்தேன்.

“அம்மாவுக்குக் காச்சல் சாஸ்தியாயிருச்சுங்களா மிஸ்?”

“போய்ப் பாக்கலாம் கண்ணு.”

என் தோளில் இருந்த அவள் கை இறுகிக்கொண்டே வந்தது.

செய்ய வேண்டியதையெல்லாம் ஊர் செய்தது. தறி முதலாளி காலியாக இருந்த வீட்டைத் திறந்துவிட்டார். ஒருவர் வீட்டிலிருந்து பாத்திரம், இன்னொருவர் வீட்டிலிருந்து பாய், போர்வை. சோறு முறை வைத்துப் போனது. ஆம்பிளைகள் ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் மாறி மாறி அலைந்தார்கள். மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் தறியை நிறுத்திவிட்டு அக்காவின் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வரிசையில் அப்படியொரு அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. இந்த அமைதி அன்றைக்கு மத்தியானம் இருந்திருக்கக் கூடாதா என்று எல்லோர் மனசிலும் ஓடியிருக்கும்.

கடைசியில் அவரே எழுந்து வந்து சொன்னார்: “தறிய ஓட்டுங்க. உங்க பொழப்பையும் நிறுத்திப்போட்டு எத்தனை நாளைக்குத்தான் உக்காந்திருப்பீங்க?”

காரியத்துக்குப் படம் வேண்டியிருந்தது. கல்யாணப் படம் வீட்டோடு போய்விட்டது, அக்காவின் போனும் போய்விட்டது. அவர் கணவரிடம் இருந்தது பட்டன் போன். ஸ்டூடியோக்காரர் இ-சேவை மையத்தில் எடுத்த ரேஷன் கார்டு நகலில் இருந்த முகத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார். கன்னம் ஒட்டி, கண் வெறித்து, யாரையோ போல இருந்தது. மகள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“இது எங்கம்மா இல்லீங்க சித்தி.”

அன்று சாயங்காலம் வரிசையிலிருந்த பெண்கள் எல்லோரும் அவரவர் போனை எடுத்துக்கொண்டு அவளைச் சுற்றி உட்கார்ந்தோம். கோயில் நோன்பி, காதுகுத்து, பால் காய்ச்சிய வீடு, பிறந்தநாள் என்று விரலால் தள்ளிக்கொண்டே போனோம். அக்கா எல்லாவற்றிலும் இருந்தார். ஆனால் ஒன்றில் தோள், ஒன்றில் முதுகு. பந்தியில் குனிந்து பரிமாறுகிற தலை. என் மகனின் பிறந்தநாள் படங்களில் கேக்குக்குப் பக்கத்தில் கேசரித் தட்டு நீட்டுகிற ஒரு கை மட்டும். மகள் வளையலைப் பார்த்து, “இது அம்மா கை” என்றாள். அந்தக் கேசரியைக் கிண்டியதே அக்காதான். விடியலிலேயே வந்து அடுப்படியில் நின்றவர். அத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்து, ஒரு தடவையாவது அவரை நிற்கவைத்து ஒரு படம் எடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. வேறு யாருக்கும் தோன்றவில்லை என்பது ஆறுதலாகவும் இல்லை.

முதலாளி வீட்டம்மாதான் கடைசியில் ஒரு வீடியோவைக் கண்டுபிடித்தார். அவர் மருமகளின் வளைகாப்பில் எடுத்தது. கேமரா தன் பக்கம் திரும்பியதும் அக்கா சிரித்துக்கொண்டே கையை ஆட்டுகிறார்: “என்னைய எதுக்குங்க புடிக்கறீங்க? அம்மணியப் புடிங்க.” அவ்வளவுதான். அடுத்த நொடி கேமரா நகர்ந்துவிடுகிறது. மகள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கதவோரம் நின்றிருந்த அவள் அப்பா, அக்காவின் குரலைக் கேட்டதும் வெளியே போய்விட்டார். அந்தச் சிரிப்பிலிருந்து பிடித்த படத்துக்குத்தான் மாலை போட்டோம். கொஞ்சம் கலங்கலாக இருந்தது. ஆனால் அது அக்காதான்.

பரீட்சை முடியும்வரை மகள் எங்களோடுதான் சாப்பிட்டாள், படித்தாள். பிறகு இரண்டு பேரும் வெள்ளகோவிலுக்குப் போய்விட்டார்கள். அக்காவின் அண்ணன் அங்கே இருக்கிறார். எரிந்த வீட்டுக்குச் சுண்ணாம்படித்துப் புதுக் கூரை போட்டுத் தருகிறோம் என்று நாங்கள் எவ்வளவோ சொன்னோம். “உங்களையெல்லாம் மறக்க மாட்டேனுங்க. ஆனா அந்தச் சத்தத்துக்குள்ள இனி நிக்க முடியாதுங்க” என்றார் அவர். இப்போது தேங்காய் உலர்களத்தில் வேலை.

போன வருஷம் பார்க்கப் போயிருந்தேன். மகள் நர்சிங் சேர்ந்திருந்தாள். அவளே சமைத்துப் போட்டாள், நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்து இலையை எடுக்கும்போது கேட்டாள்.

“சித்தி, அம்மா உங்ககிட்ட என்னென்ன பேசுமுங்க?”

தினமும் பேசியிருக்கிறோம். தண்ணீர் வந்ததா, கரண்ட் எப்போது போகும், பால்காரர் ஏன் வரவில்லை. அதையெல்லாம்தான் பேசியிருக்கிறோம். யோசித்து யோசித்து ஒன்றைச் சொன்னேன். கொடியில் துணி காயப்போடும்போது, பழனிக்கு நடந்து போக வேண்டும், இவளையும் கூட்டிப் போக வேண்டும் என்று ஒருமுறை அக்கா சொன்னார். அதைச் சொன்னேன். அவள் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்புறமுங்க சித்தி?” என்றாள்.

எனக்கு அதற்குமேல் தெரியவில்லை.