பட்டறைக்கல்லில் இரண்டு தட்டு

நல்லூரில் நான் வழக்கமாக நிற்கும் டீக்கடையில் இன்று காலை மாஸ்டர் வெறும் டம்ளரை மேடையில் இரண்டு முறை தட்டினார். அடுத்த டீ தயார் என்று அர்த்தம். எனக்கோ வாய்க்குக் கொண்டுபோன டம்ளர் பாதியில் நின்றுவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் இதே தெருவில் ஒரு நிட்டிங் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தேன். பெயர்தான் மெக்கானிக், கையில் ஸ்பேனரைவிட டீ டம்ளர்தான் அதிக நேரம் இருக்கும். எதிரே ராமசாமி ஆசாரியின் கொல்லுப்பட்டறை. அந்தக் கரிப்புகை எங்கள் பஞ்சுத்தூசியோடு கலந்து சட்டையெல்லாம் மணக்கும். பக்கத்துப் பூண்டியில் கல் செதுக்கும் சிற்பிகளின் உளி, கிணற்று வேலைக்குக் கடப்பாரை எல்லாம் அங்கேதான் அடிபடும். சம்மட்டி அடித்தவர் ஆசாரியின் மனைவி வள்ளியம்மாள்.

வேலை நேரத்தில் இருவருக்கும் பேச்சே கிடையாது. பழுத்த இரும்பில் ஆசாரி சின்னச் சுத்தியால் ஓர் இடத்தைத் தொடுவார்; அங்கே சம்மட்டி இறங்கும். வெறும் பட்டறைக்கல்லில் இரண்டு தட்டு தட்டினால் நிறுத்தவேண்டும். தலைக்கு மேல் போன சம்மட்டி அப்படியே தோளில் சாய்ந்துகொள்ளும். உடனே ஆசாரி இரும்பைத் துண்டாக்க அதன்மேல் வெட்டுளியை வைப்பார். இதைப் பார்த்து, கல்யாணமான புதிதில் நானும் வீட்டில் டம்ளரைத் தட்டிக் காபி கேட்டேன். "ஏனுங்க, வாய் எங்க போச்சு?" என்றாள் என் மனைவி.

தொண்ணூறுகளில் பட்டறைக்குக் கரண்டில் ஓடும் சம்மட்டி மிஷின் வந்தது. பெடலை மிதித்தால் அடிக்கும், காலை எடுத்தால் நிற்கும்.

"உனக்குத் தோள்பட்டை தேஞ்சு போச்சு அம்மிணி. இனி தூக்க வேண்டாம்" என்றார் ஆசாரி.

"அப்ப நானு என்ன பண்றதுங்க?"

ஆசாரி மிஷினுக்கு எண்ணெய் விட்டார். அந்த அம்மா பனியன் கம்பெனிக்குப் பிசிறு நூல் வெட்டப் போனார். சம்மட்டி பிடித்த கையில் சின்னக் கத்தரியைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

தனியாக அடிக்கும்போதும் ஆசாரி சின்னச் சுத்தியை விடவில்லை. ஒரு மதியம் பக்கத்திலிருந்த பழைய பட்டறைக்கல்லில் இரண்டு தட்டு தட்டினார். நிறுத்தச் சொல்லியாயிற்று என்ற நினைப்பில் வெட்டுளியோடு கையை மிஷின் சம்மட்டிக்கு அடியில் நீட்டினார். கால் பெடலிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வள்ளியம்மாள் என்னிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "நிறுத்தச் சொல்லித் தட்டியிருக்காருங்க தம்பி. நான் அங்க இல்லீங்களே."

ஆசாரியின் வலக்கை விரல்கள் போய்விட்டன. அந்த அம்மா கம்பெனியை விட்டுவிட்டு மிஷின் பெடலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஆசாரி இடக்கையிலிருந்த குறட்டால் கல்லைத் தட்டுவார். அந்த அம்மா காலை எடுப்பார். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் நிம்மதியாகப் பார்த்தேன்.

இருவரும் இப்போது இல்லை. பட்டறை இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி. டீயைக் குடித்துவிட்டு, காலி டம்ளரை மேடையில் மெல்ல இரண்டு முறை தட்டி வைத்தேன். எதிரே எம்ப்ராய்டரி மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.