ரெண்டு கட்டத்தில் அடங்காத பெட்டிகள்

கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்க. இந்தத் தொழிலில் பாதி வேலை காதால் செய்வது, கத்திச் சொன்னால் சரிப்படாது. பழைய லேப்டாப்பைத் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, இது ஓடும், இது ஓடாது என்று சொல்கிற தொழில். வீட்டில் ஒரு பழைய பெட்டியை வைத்துக்கொண்டு, தூக்கிப் போட மனசும் வராமல், ஓட்டவும் முடியாமல் அல்லாடுகிறீர்களே, நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான்.

நான் மரக்காணத்தில் ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் ரிப்பேர் பார்த்தவன். படிப்பு மூணாவதோடு சரி. கடல் பொங்கினதுக்கு அடுத்த வருஷம், வெளிநாட்டில் யாரோ புண்ணியவான்கள் ஆபீசில் கழித்துப் போட்ட இருபத்திரண்டு லேப்டாப்பை நம்ம கரைக்கு அனுப்பி வைத்தார்கள். அதை வாங்கின தொண்டு நிறுவனம் அனுமந்தையில் கம்ப்யூட்டர் சென்டர் திறக்கப் பார்த்தது. பத்துப் பெட்டியாவது ஓடினால்தான் மேலிடத்தில் அனுமதி. எது ஓடும் என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் சொல்லச் சொல்ல எழுதப் பூங்காவனத்தைப் போட்டார்கள்.

பூங்காவனம் இருபது வருஷமாக உப்பளத்தில் உப்பு வாருகிறவள். வயசு முப்பத்தெட்டு. பிளஸ் டூ பாஸ். கடல் வந்து போன பிறகு அந்த நிறுவனம் நடத்தின கம்ப்யூட்டர் வகுப்பில் முதலாவதாக வந்தாள். சென்டர் திறந்தால் டீச்சர் வேலை உனக்குத்தான் என்று வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலை அவளுக்கு என்னவென்று அவள் காலைப் பார்த்தாலே தெரியும். உப்புத் தண்ணீர் தின்ற கால். விரல் இடுக்கெல்லாம் ஆறாத வெடிப்பு. பத்துப் பெட்டி ஓடினால் அவள் அளத்தை விட்டு ஏறிவிடலாம். ஓடாவிட்டால் இல்லை. நான் ஒவ்வொரு மூடியையும் திறந்தது இந்த நினைப்போடுதான்.

பத்திரமான இடம்

முதல் நாள் அந்த நிறுவனத்து ஆபீசர் தம்பி என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். இருபத்தாறு, இருபத்தேழு வயசுப் பிள்ளை, நல்ல மாதிரி. ஜீப் அளத்து நடுவே போய் ஒரு கட்டடத்து முன்னால் நின்றது. கதவைத் திறந்தால் நெஞ்சு உயரத்துக்கு உப்பு மூட்டை. அந்த மூட்டைகள் மேல் இருபத்திரண்டு அட்டைப் பெட்டி. ரெண்டு மாசமாக அங்கேயே இருக்கிறதாம். அட்டையைத் தொட்டேன், ஈரத் துணி மாதிரி குழைந்தது.

"தம்பி, இது உப்பு குடோனாச்சே! இங்க ஆணி அடிச்சா அடுத்த வருஷம் ஓட்டைதான் இருக்கும், ஆணி இருக்காது" என்றேன். அவர் என் தோளில் கை வைத்து, ரொம்ப ஆறுதலாகச் சொன்னார்: "அதெல்லாம் பயப்படாதீங்க பெரியவரே, பூட்டு புதுசு."

திருகாணி ருசி

பெட்டிகளை எல்லாம் ரோட்டோரம் சென்டருக்குப் பார்த்திருந்த கட்டடத்துக்கு மாற்றினோம். பெட்டியைத் திருப்பி, அடியில் இருக்கிற திருகாணியைக் கழற்றி நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பேன். கரித்தால் உப்பு உள்ளே போய்விட்டது. அந்தப் பெட்டி இன்றைக்கு ஓடினாலும் ஆறு மாசம் தாங்காது. இந்தக் கடற்கரையில் ரேடியோ பார்த்த எல்லாருக்கும் இது தெரியும். பூங்காவனம் என்னைவிடக் கெட்டிக்காரி. ஒரு திருகாணியை வாயில் வைத்து, "இது மேலாப்ல ஒட்டுன உப்புண்ணா, தொடச்சா போயிடும்" என்பாள். அடுத்ததை வைத்தவுடனே துப்புவாள். "இது ஊறிப்போச்சு. ஒதுக்கி வச்சிடுணா." உள்ளே திறந்து பார்த்தால் அவள் சொன்னதுதான். போர்டெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும்.

அப்படியே ஏழு பெட்டி போனது. ஒவ்வொன்றையும் ஒதுக்கி வைக்கும்போது அவள் கை கொஞ்சம் தயங்கும். ஆனாலும் ஒன்றைக்கூட அவள் பொய் சொல்லி நல்ல பக்கம் வைக்கவில்லை. நாங்கள் ரெண்டு பேரும் திருகாணியைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஆபீசர் தம்பி வாசலில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "இதை நான் மேலிடத்துக்கு இங்கிலீஷ்ல எப்படிங்க எழுதுவேன்?"

ரெண்டு டீ பெட்டி

மிச்சம் பதினைந்து. சார்ஜர் ஆறுதான் வந்திருந்தது. மீதிக்கு ரேடியோ டிரான்ஸ்பார்மரை வைத்து நானே கட்டினேன். நாலு பெட்டிக்கு எந்தக் கரண்டு கொடுத்தும் கண் திறக்கவில்லை. ஆகப் பதினொன்று. இந்தப் பதினொன்றும் ஓடுகிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே! பட்டனை அமுக்குவேன். திரையில் மணல் கொட்டுகிற கண்ணாடி ஒன்று வரும். அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே இருக்கும். நான் எழுந்து ரோட்டைத் தாண்டிப் போய் டீ குடித்துவிட்டு வருவேன். அப்போதும் கொட்டும். மறுபடி போவேன்.

உங்கள் வீட்டுப் பெட்டியும் இப்படித்தான் உங்களை எழுப்பி அனுப்பியிருக்கும். எனக்காவது எதிரே டீக்கடை இருந்தது. ஒரு வாரத்தில் கடைக்காரர் விஷயத்தைப் புரிந்துகொண்டார். நான் ரோட்டில் கால் வைக்கும்போதே குரல் கொடுப்பார்: "இன்னா பெரியவரே, இப்ப ஓடறது ரெண்டு டீ பெட்டியா, மூணு டீ பெட்டியா?"

நாய் முடி

ஒரு பெட்டி அடுப்பு மாதிரி சுட்டது. மடியில் வைத்தால் வேட்டி பொசுங்கும். திறந்து பார்த்தேன். சின்ன ஃபேன், அது சுற்ற முடியாமல் ஒரு உருண்டை முடி அடைத்துக் கிடந்தது. மனுஷ முடி இல்லை. பழுப்பும் வெள்ளையுமாக, பட்டு மாதிரி. அங்கே யாரோ நாயைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள்.

சாமணத்தால் கவ்வி இழுத்து எடுத்தேன். ஃபேன் சுற்றியது, சூடு இறங்கியது. பூங்காவனம் அந்த முடியைக் கீழே போடவில்லை. உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதிப் பார்த்தாள். "அந்த நாய் எம்மாம் நெழல்ல படுத்துக் கெடந்திருக்கும் பாருணா" என்றாள்.

நடுவில் நிற்கிறவை

ஆபீசர் தம்பி கொடுத்த காகிதத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் ரெண்டு கட்டம் போட்டிருந்தது. ஓடுகிறது, ஓடவில்லை. எதில் டிக் அடிப்பது என்று எனக்குப் பெரிய குழப்பம். நாலாம் நம்பர் இருக்கிறதே, அதன் இடது மூலையைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே பட்டனை அமுக்கினால் ஓடும். ஏழாம் நம்பரை முதலில் வெயிலில் காய வைக்க வேண்டும். ஒன்பதாம் நம்பருக்கு ஒயர் சொருகும் இடம் ஆடும். ஒயரை ஒரு சுற்றுச் சுற்றி, மேலே இழுத்துக் கட்ட வேண்டும். பத்தாம் நம்பர் முதல் தடவை நிச்சயமாக நிற்கும். கோபப்படாமல் நூறு எண்ணிவிட்டு மறுபடி அமுக்கினால் ஓடும்.

"இதுக்கெல்லாம் மூணாவதா ஒரு கட்டம் போடுங்க தம்பி. எப்படி அமுக்கினா ஓடும்னு எழுதிடலாம்" என்றேன். பூங்காவனமும் சொன்னாள். அவருக்கு அது ஆகிற காரியம் இல்லை. காகிதம் மேலே இருந்து அச்சடித்து வந்தது. "பெரியவரே, ஒண்ணு ஓடுதுன்னு போடுங்க, இல்லன்னா ஓடலைன்னு போடுங்க. நடுவுல நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எண்பதாம் வருஷம்

இன்னொரு பெட்டிக்குள்ளே காசு மாதிரி இருக்கிற குட்டி பேட்டரி செத்துப் போயிருந்தது. அது செத்தால் பெட்டிக்கு இன்றைக்கு என்ன தேதி என்று தெரியாது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்று என்று சாதிக்கும். நாம்தான் வருஷத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றப் போனேன். பூங்காவனம் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"எண்பதுல நான் அளத்துலயே கால் வைக்கலணா. ஒரு நிமிசம் அப்பிடியே உடேன்."

காது சொன்னது

பதினொன்றில் ஒரு பெட்டியின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. பார்க்க எல்லாம் சரி. திரை பளிச்சென்று இருக்கும், எழுத்து எல்லாம் விழும். மூணு நாள் ஓடியது. ஆனால் காதை வைத்துக் கேட்டால் உள்ளே ஹார்ட் டிஸ்க் தட்டு சுற்றுகிற சத்தத்துக்கு நடுவே டிக் என்று ஒன்று. நிமிஷத்துக்கு ஒரு தடவை. மறுநாள் நிமிஷத்துக்கு ரெண்டு தடவை. பூங்காவனமும் குனிந்து காதை வைத்தாள்.

மேலிடத்து ஆள் வருவதற்கு ரெண்டு நாள் முன்னால், டிக் டிக் டிக் என்று பொரிந்து, கிறீச்சென்று இழுத்து, நின்றது. அப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை. மிச்சம் சரியாகப் பத்து. ஒன்று படுத்தாலும் சென்டர் இல்லை. அவள் காகிதத்தை எடுத்து 'ஓடவில்லை' கட்டத்தில் டிக் அடித்தாள். பேனாவை மூடினாள். "இனிமே பத்துல ஒண்ணு தும்முனாக்கூட எனக்கு நெஞ்சு நின்னுடும்ணா."

தூசு படும்

மேலிடத்து ஆள் வெள்ளைச் சட்டையில் வந்தார். பூங்காவனம் விடிந்ததும் வந்து ஏழாம் நம்பரை வெயிலில் காய வைத்திருந்தாள். மூலையை அழுத்தினாள், ஒயரைச் சுற்றினாள், நூறு எண்ணினாள், வருஷத்தை மாற்றினாள். பத்துத் திரையும் வரிசையாக எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பத்தும் ஒரே நேரத்தில் எரிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் வாசலிலேயே நின்றார். விரலை நீட்டி ஒன்று, ரெண்டு என்று எண்ணினார். பத்து வந்ததும் கையெழுத்துப் போட்டார். ஒரு பட்டனைத் தொடவில்லை, ஒரு எழுத்து அடித்துப் பார்க்கவில்லை. செத்த பெட்டியை வைத்திருந்தாலும் எண்ணியிருப்பார். கிளம்பும்போது பூங்காவனத்தைப் பார்த்து, "என்னம்மா படிச்சிருக்கீங்க?" என்றார். சொன்னாள். "பன்னெண்டாவதா?" என்று இழுத்தார். அப்புறம் பெட்டிகளைக் காட்டிச் சொன்னார்: "எல்லாத்தையும் மூடி வைங்கம்மா, தூசு படும்."

டிகிரி

சென்டர் வந்தது. டீச்சர் வேலை டிகிரி படித்த ஒரு பெண்ணுக்குப் போனது. திண்டிவனத்தில் இருந்து பஸ்ஸில் வரும். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கும் ஒரு வீடு, அதற்கும் ஒரு கஷ்டம். ஆபீசர் தம்பி பூங்காவனத்திடம் சொல்ல முடியாமல் என்னை அனுப்பினார். நான் போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. மறுநாள் விடிய அளத்துக்குப் போய்விட்டாள்.

வகுப்பு ஆரம்பித்த முதல் நாள் பதினெட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். புது டீச்சர் வரிசையாகப் பட்டனை அமுக்கிக்கொண்டு போனது. ஒன்று, ரெண்டு, மூணு. கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. காகிதத்தை எடுத்துப் பார்த்தது. பத்துக்கும் 'ஓடுகிறது' என்று டிக் இருந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன், நாலு பெட்டியை எழுப்பினேன். மீதி ஆறும் என் கைக்கு அடங்கவில்லை. நான் பார்த்து ஒரு மாசம் ஆகியிருந்தது, கடல் காத்து எல்லாவற்றின் குணத்தையும் மாற்றிவிட்டிருந்தது. காத்து மாறினால் எது எப்படி மாறும் என்று தினம் கூடவே இருந்து பார்த்தவள் பூங்காவனம்தான். அந்தப் பெண் ஆபீசர் தம்பியிடம் கண் கலங்கச் சொன்னது: "சார், நான் படிச்சதுல இதெல்லாம் வரவே இல்லைங்க சார்."

வரப்பில் ஜீப்

ஜீப் அளத்துக்குப் போனது. நானும் இருந்தேன். பூங்காவனம் பாத்திக்குள் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தாள். ஆபீசர் தம்பி வரப்பில் நின்று, எந்தப் பெட்டியை எப்படி எழுப்புவது என்று எழுதிக் கொடுத்துவிடு என்று கேட்டார். அவள் உப்பு இழுக்கிற பலகையை நிறுத்தவில்லை.

"எழுதிக் குடுத்துடுவேன் சார். ஆனா இன்னிக்கு எழுதினா நாளைக்கு மாறிடும். காத்து மாறுனா பெட்டியும் மாறும். தினம் யாரு சார் எழுதறது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அது பொய்யும் இல்லை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எழுப்புகிறவளுக்கு என்று ஒரு வேலை அவர் பதிவேட்டில் கிடையாது. அங்கே காலியாக இருந்தது ஒன்றே ஒன்று. வாய் கூசிக்கொண்டே அதைச் சொன்னார். பூங்காவனம் கரையேறி வந்து காலைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "பெருக்கற வேலைன்னு போட்டுக்கினு பெட்டியத் தொறந்தா தப்பில்லையே சார்?"

பெருக்குகிறவள்

அடுத்த திங்கட்கிழமை செருப்புப் போட்டுக்கொண்டு வந்தாள். கையெழுத்துப் போட்டாள். ஆபீசர் தம்பி, பார்க்கிறவர்களுக்காக, ஒரு புதுத் தென்னந்துடைப்பத்தை அவள் கையில் கொடுத்தார். அந்த வாரம்தான் மூணாம் நம்பர் பெட்டியின் கீல் விட்டுப்போய், மூடி நிற்காமல் பின்னால் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. பூங்காவனம் துடைப்பத்தை வாங்கினாள், நேராகப் போய் மூணாம் நம்பருக்குப் பின்னால் மூடிக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தினாள், பட்டனை அமுக்கினாள், திரை எரிந்ததும் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்து, "உக்காருங்கம்மா, ஆரம்பிக்கலாம்" என்றாள்.

அந்தச் சென்டருக்காக நான் சோதித்துப் பார்த்த சாமான்களிலேயே, ஒரு தடவைகூடக் கோளாறு சொல்லாமல் ரெண்டு கட்டத்தில் ஒன்றில் நிம்மதியாக டிக் அடிக்க முடிந்தது அந்தத் துடைப்பம் ஒன்றுக்குத்தான்.