4.1-க்குப் பக்கத்தில் ஒரு ஏ

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு மைன்ஸ் ஒன் வேறு, ஒன் ஏ வேறு. அப்பா ஒன் ஏ-வுக்குப் போவார். பக்கத்து வீட்டு மாமாவுக்கு மைன்ஸ் ஒன்னில் வேலை. இந்த அறிவுதான் என்னைக் கவிழ்த்தது.

வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். நோயாளிகளுக்கு நேரம் குறித்துக்கொடுக்கும் எங்கள் மருத்துவமனை ஆப்பில் தெரியும் குறைகளைப் பட்டியலில் ஏற்றி, எந்த வெர்ஷனில் சரிசெய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் லேபிள் போடுவோம். 4.1 லேபிளில் எல்லாம் முடிந்திருந்ததால், வெளியிடலாம் என்று சொல்லிவிட்டேன். '4.1 ஏ' என்று மூன்று குறைகள் மிச்சம் இருந்தன. அது அடுத்த வெர்ஷன் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

மறுநாள், சாயங்காலம் வரவேண்டிய நோயாளிகள் காலையிலேயே வந்து காத்துக் கிடந்தார்கள். நேரம் தப்பாகக் காட்டும் குறை அந்த மூன்றில் ஒன்று.

"அந்த லேபிளைப் போட்டது யாரு?" என்று மேனேஜர் மீட்டிங்கில் கேட்டார்.

"நான்தாங்க," என்றாள் பண்ருட்டியிலிருந்து பேசிய செல்வி. கான்ட்ராக்டில் புதிதாகச் சேர்ந்தவள். "4.1-லயே அவசரமா முடிக்கவேண்டியதுக்கு அடையாளமா ஏ போட்டுக்கினு வந்தேங்க."

நான் பர்மனென்ட். பேசாமல் இருந்தால் தப்பித்துவிடலாம். சில நொடி அப்படித்தான் இருந்தேன். பிறகு, "பாத்துட்டும் கேக்காம விட்டது நான்தான் சார்," என்றேன்.

அன்றே குறையைத் திருத்தினோம். இனி ஒரு வெர்ஷனுக்கு ஒரே பெயர், அவசரத்துக்குத் தனிக் குறி என்றும் முடிவானது. இப்போதெல்லாம் புது லேபிள் கண்ணில் பட்டால் உடனே செல்விக்குப் போன் போடுகிறேன். ஒன், ஒன் ஏ கதையை அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

"என்னக்கா, இதுவும் வேற மைன்ஸா?" என்று சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன்.

அந்தச் சில நொடிகளைப் பற்றி மட்டும் அவள் இதுவரை கேட்டதே இல்லை.