கட்டை விரலைக் கேட்டவர்கள்

என் வலது கட்டை விரல் இன்று வரை முழுதாக மடங்குவதில்லை. ஒடித்தவன் வெளியில்தான் திரிகிறான். வழக்கு நடக்கிறது, அதனால் பெயர் எழுதவில்லை.

வீட்டில் அடி தாங்காமல் ஓடிவரும் பெண்களை எங்காவது பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. அலுவலகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. நான் அங்கே உட்கார்ந்ததே குறைவு. பஸ், ஆட்டோ, மறுபடி பஸ். எந்தப் பெண் எந்த ஊரில் யார் வீட்டில் இருக்கிறாள் என்பது என் போனில்தான் இருந்தது. அது வேறு ஆள் கைக்குப் போனால் ஒருத்தி சாவாள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அலுவலகத்தில் ஒருவர் வந்து பயிற்சி கொடுத்தார். ஓசி வைஃபையில் சேராதீர்கள், பஸ் ஸ்டாண்டில் தொங்கும் சார்ஜரில் போனைச் செருகாதீர்கள், லொக்கேஷனை அணைத்து வையுங்கள். எல்லாம் செய்தேன். பூட்டுக்கு விரல் ரேகை வையுங்கள், உங்களைத் தவிர யாராலும் திறக்க முடியாது என்றார். வாழ்க்கையில் யாரிடமும் உதை வாங்காத மனிதர்.

நானாகச் சேர்த்துக்கொண்டது இரண்டு பழக்கம். எந்தப் பெண்ணின் எண்ணையும் அவள் பெயரில் பதிய மாட்டேன். அவர்களிடமும் சொல்லி வைப்பேன்: "போன் அடிச்சா நீ மொதல்ல வாயத் திறக்காத. என் கொரலக் கேட்டப்பறம் பேசு."

அப்போது என் பொறுப்பில் இருந்தவளுக்குச் சின்ன வயது. புருஷன் அவள் முதுகில் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்திருந்தான். கோட்டைப்பட்டினத்தில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தோடு தங்கவைத்திருந்தேன். அவள் இப்போது அங்கே இல்லை, அதனால் ஊர்ப் பெயரை எழுதுகிறேன். என் போனில் அவள் பெயர் 'தண்ணி வண்டி'.

மகள் உயிரோடு இருக்கிறாள் என்று அவள் அம்மாவிடம் நேரில் சொல்லப் பொன்னமராவதி போனேன். திரும்பி பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அம்மா வீட்டை நோட்டம் விட்டுக்கொண்டிருந்த புருஷனும் அவன் அண்ணனும் பைக்கில் வந்து இறங்கினார்கள்.

"எங்கடி அவ?" என்றான் புருஷன்.

"எவ?"

அறைந்தான். "எம் பொண்டாட்டிய ஒளிச்சு வச்சுக்கிட்டு 'எவ'ன்னா கேக்குற?"

"ஒளிச்சு வைக்க அவ என்ன ஒங்க வீட்டு அண்டாவா?"

அடுத்த அடி வாயில் விழுந்தது. பல் ஆடியது. அண்ணன் என் பையைத் தரையில் கவிழ்த்தான். குடை, சாப்பாட்டு டப்பா, போன். போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "கைரேகை கேக்குதுடா. அவ கைய இங்கிட்டுக் கொண்டா" என்றான்.

டீக்கடைச் சுவரோடு என்னை அழுத்திக் கையை இழுத்தார்கள். நான் விரல்களை இறுக மூடிக்கொண்டேன். புருஷன் கட்டை விரலை மட்டும் பிடுங்கிப் பின்பக்கமாக வளைத்தான். முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நகம் சுவரில் உரசிப் பெயர்ந்துவிட்டது. அந்த விரலைப் போனில் வைத்து அழுத்தினார்கள். ரத்தத்தில் ரேகை பதியவில்லை. தன் வேட்டியில் துடைத்து மறுபடி வைத்தான். மறுபடி ரத்தம். கடைசியில் போன் விரலை விட்டுவிட்டு நம்பர் கேட்டது.

"நம்பரச் சொல்லு."

"ஒங்க ஆத்தாகிட்டக் கேளு."

வயிற்றில் உதைத்தான். தப்பான நம்பர்களாகச் சொன்னேன். சற்றுப் பொறு என்று போன் நின்றுகொண்டது. அவன் என் ஆள்காட்டி விரலைப் பிடித்தான். இன்னும் இரண்டு விரல் போயிருந்தால் சரியான நம்பரைச் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் என் வீரம்.

சுற்றிலும் கூட்டம். "பொம்பளைய அடிக்காதீங்கப்பா" என்றார் ஒருவர், டீ கிளாஸைக் கீழே வைக்காமல். நாலைந்து பேர் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது போன் அடித்தது. தண்ணி வண்டி. அம்மா என்ன சொன்னாள் என்று கேட்கக் கூப்பிடுகிறாள். பூட்டிக் கிடந்தாலும் வருகிற அழைப்பை யாரும் எடுக்கலாம். புருஷன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"யார்றா நீ? ஒங்கக்காவ இங்க பொளந்துக்கிட்டிருக்கோம். வந்து அள்ளிக்கிட்டுப் போ!"

அந்தப் பக்கம் பேச்சில்லை. ஏதோ என்ஜின் தடதடவென்று ஓடியது. கரைக்கு வரும் படகு என்பது எனக்குத் தெரியும். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

"தண்ணி வண்டிக்காரந்தாண்டா. மோட்டார் ஓடுது பாரு" என்றான் அண்ணன்.

அதற்குள் புதுக்கோட்டை பஸ் வந்து நின்றது. களை வெட்டப் போய்விட்டு இறங்கிய பெண்கள்தான் முதலில் ஓடிவந்தார்கள். ஒருத்தி களைக்கொத்தியைத் திருப்பிப் பிடித்து அண்ணன் முழங்காலில் ஒரு போடு போட்டாள். "எடுபட்ட பயலே, கைய எடுறா!" அவன் நொண்டிக்கொண்டே பைக்கில் ஏற, புருஷன் என் போனோடு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸின் போனை வாங்கி, மனப்பாடமாக வைத்திருந்த எண்ணில் அந்த மீன்பிடி வீட்டம்மாவைக் கூப்பிட்டேன்.

"அவன் கொரலக் கேட்ட ஒடனே கெளம்பிட்டா. துணிகூட எடுக்கல. எங்க போறேன்னும் சொல்லல. சொன்னா ஒங்களையும் அடிப்பாகன்னா."

படம் பிடித்தவர்களில் ஒருவனும் சாட்சிக்கு வரவில்லை. படம் மட்டும் ஊர் ஊராகப் போனது.

இப்போது பழைய எண்ணிலேயே வேறு போன், அதற்கு நீளமான நம்பர் பூட்டு. எப்போதாவது புதுப்புது எண்ணிலிருந்து அழைப்பு வரும். எடுத்தால் அந்தப் பக்கம் மௌனம். "நாந்தான், சொல்லுடி" என்பேன். "அக்கா, நல்லாருக்கேன்" என்பாள். எந்த ஊர் என்று நான் கேட்பதில்லை. தெரியாததை என் விரலை ஒடித்து எடுக்க முடியாது.