கதவில் நின்ற தம்பி

மழை பெய்கிற மாதத்தில் கதவுக்கு எண்ணெய் பூசக் கூடாது என்பது கொல்லிமலையில் பிறந்த ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். எங்கள் அப்பாவுக்கும் தெரியும். தெரிந்தும் அவர் ஐப்பசி அடைமழையில் வாசற்கதவைக் கழற்றிப் போட்டுச் சுரண்ட உட்கார்ந்தார். ஊரே சிரித்தது. வீட்டுக்குள் நாங்கள் சிரிக்கவில்லை. நான் காய்ச்சலில் கிடந்தேன். அம்மா என் பக்கத்தில் கிடந்தாள்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. மலைமேல் எங்கள் பெரக்கரை நாட்டுக்கு ரோடு ஏது? சேந்தமங்கலத்திலிருந்து வருகிறவர்கள் கல்லும் சறுக்கலுமான தடத்தில் கால் கடுக்க ஏறித்தான் வர வேண்டும். டாக்டர் யாரும் ஏறி வந்து நான் பார்த்ததில்லை. காய்ச்சல் மட்டும் வழி தெரிந்துகொண்டு வருஷம் தவறாமல் வந்துவிடும். முந்தின ஐப்பசியில் வந்தது என் தம்பியைக் கொண்டுபோயிற்று. அவனுக்கு நாலு வயசு, எனக்கு ஆறு. தம்பி சாமிகிட்டே போய்விட்டான் என்று சொன்னார்கள். சாமியிடம் போனவர்கள் திரும்பி வர மாட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதனால், அடுத்த வருஷம் எனக்கும் அதே காய்ச்சல் கண்டு, அவன் திரும்பி வந்தபோது, எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

அவன் வந்தது எங்கள் கதவுக்கு. பலாப் பலகையில் செய்த ஒற்றைக் கதவு அது, உள்பக்கமாகத் திறக்கும். பகலில் அதைத் திறந்து சுவரோடு ஒட்டிவிட்டால், வெயிலும் சாரலும் பட்ட வெளிப்புறம் வீட்டுக்குள் படுத்திருப்பவர்களைப் பார்த்து நிற்கும். எத்தனையோ மழையைத் தின்று பலகை கறுத்துப் பாசி பிடித்திருந்தது. நடுநடுவே வெளிறிப்போன திட்டுகள். பாயில் கிடந்தபடி அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு பார்க்க என்ன இருந்தது? ஒரு நாள் காலையில், பலகையின் கீழ்ப்பாதியில் தம்பி நிற்பது தெரிந்தது. கிளை முளைத்த வடுவாக வட்டமாய் மரக்கண் இருந்த இடத்தில் தலை, அதற்குக் கீழே கொஞ்சம் உப்பின வயிறு, இடுப்பில் ஒரு கை. சோறு கேட்கும்போது அவன் அப்படித்தான் நிற்பான்.

"அம்மா, தம்பி வந்திருக்கான்" என்றேன்.

அம்மா கையில் கஞ்சிச் சட்டி இருந்தது. அதைக் கீழே வைக்கவே அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. பிறகு பாயில் படுத்து, என் தலையோடு தலையை ஒட்டி, என் கண் போகிற திசையிலேயே பார்த்தாள்.

"எங்க கண்ணு?"

"அதா, அந்தக் கண்ணுக்குக் கீழ."

"எம்புட்டு ஒசரம் இருக்கான்?"

எழுந்து நின்று, என் தோளுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினேன். போன வருஷமும் அவன் அந்த உயரம்தான்.

"சிரிக்கிறானா சாமி?"

"இல்லம்மா. பசியோட நிக்கிறாப்பல இருக்கு."

அம்மாவின் கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் அவள் எழுந்து போய், ஒரு கொட்டாங்கச்சியில் சாமைச் சோற்றை வைத்து, மேலே கொஞ்சம் தயிரும் விட்டு, கதவின் அடியில் கொண்டுவந்து வைத்தாள். எனக்குக் கஞ்சி, அவனுக்குத் தயிர்ச் சோறா என்று எனக்கு ஆத்திரம்கூட வந்தது.

மத்தியானம் அப்பா காட்டிலிருந்து வந்தார். தலையில் போட்டிருந்த சாக்கைக் கழற்றும்போது கொட்டாங்கச்சியைப் பார்த்தார். யாருக்கு என்று கேட்டார். நான்தான் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சோற்றை எடுத்து வாசலில் நாய்க்குக் கொட்டிவிட்டு, கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, கதவை அது சுழல்கிற குழியிலிருந்து தூக்கிக் கழற்றினார். வாசலில் கம்பளியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது.

கூரை இறவாரத்துக்குக் கீழே, இரண்டு கல்லின் மேல் கதவைக் கிடத்தி, உடைந்த கண்ணாடித் துண்டால் அப்பா சுரண்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தம் கம்பளியைத் தாண்டி வந்தது. தம்பியைத்தான் சுரண்டுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "தம்பியச் சொரண்டாதீங்கப்பா" என்று கத்தினேன். அந்த வயசில் நான் அப்பாவை வெறுத்தது அந்த ஒரு நாள்தான். ஆனால் அன்று நன்றாகவே வெறுத்தேன்.

அந்த நேரத்துக்குத்தான் மாமன் வந்து சேர்ந்தார். அம்மாவின் அண்ணன். மிளகு விற்கச் சேந்தமங்கலம் போனவர், என் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரையை வாங்கி, நனையாமல் தலைப்பாகைக்குள் முடிந்து கொண்டுவந்திருந்தார். சாவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வருகிற மனுஷர் அவர்.

"ஏனுங்க மச்சான், கதவுக்குக் கல்யாணம் வெச்சிருக்கீங்களா?" என்று வாசலிலேயே ஆரம்பித்தார். "இந்த மழையில பூசுனா எண்ணெய் காயுமுங்களா? கோழி வந்து ஒட்டிக்கும், நாய் வந்து ஒட்டிக்கும், அப்பறம் நான் வந்து ஒட்டிக்குவேன். தை வெய்யிலு வரட்டுமுங்க."

"தை வரைக்கும் புள்ள இருக்கோணுமல்ல" என்றார் அப்பா.

மாமன் மாத்திரையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய், பிராய் இலையை ஒரு கை அள்ளிக்கொண்டு கதவின் மறுபக்கம் உட்கார்ந்தார். சொரசொரப்பான அந்த இலையால் தேய்த்தால் மரம் வழுவழுவென்று ஆகிவிடும்.

அம்மா மாத்திரையை என் வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அப்படி ஒரு கசப்பை நான் அதற்குப் பிறகு எதிலும் கண்டதில்லை. சுரண்டுகிற சத்தத்தைக் கேட்டபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவள், திடீரென்று எழுந்து கம்பளியை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.

"போதுமுங்க" என்றாள். "தலைய மட்டும் உட்டுருங்க."

அப்பா சொன்னார்: "ஒண்ணக் குடுத்தாச்சு புள்ள. இன்னொண்ணு குடுக்க எனக்குத் தெம்பில்ல."

சுரண்டுகிற சத்தம் மறுபடி கேட்டது. அம்மா உள்ளே வந்து, என் பக்கத்தில், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. அவளுக்கும் காய்ச்சல் வந்து குளிரெடுக்கிறது என்று நினைத்து, என் போர்வையில் பாதியை இழுத்து அவள் மேல் போட்டேன்.

குங்கிலியத்தைப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் நாற்றம் வீடு முழுக்க அடித்தது. பலகைக்கு அடியில் கரிச்சட்டி வைத்து ஈரம் வாங்கி, எண்ணெயைப் பூசி, மறுபடி கரிச்சட்டி வைத்துப் பார்த்தார்கள். மூடுபனி இறவாரத்துக்குள்ளேயே வந்து குந்தியிருந்தால் எண்ணெய் எங்கே காயும்? பிசுபிசுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அப்பா அப்படியே தூக்கி மாட்டிவிட்டார். மாமன் வாக்கு பலித்தது. கொசு ஒட்டியது, உமி ஒட்டியது, சேவலின் வால் இறகு ஒன்று ஒட்டியது. அப்பா சேவலின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே, எண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றையும் துடைத்தெடுத்தார். ஆசைக்கு நான் ஒரு விரலை வைத்துப் பார்த்ததற்கு, காய்ச்சல்காரி என்றும் பார்க்காமல் ஒரு அதட்டல் போட்டார்.

காய்ச்சல் இறங்கிவிட்டது. கொயினா என்றார் மாமன். சிரித்த ஊர், கதவுதான் என்றது. நான் மெல்ல எழுந்து, வாசல் பக்கம் சாக்கை விரித்து உட்காருகிற அளவுக்குத் தேறிவிட்டேன். பலாப் பலகை மஞ்சளாக, கழுவி வைத்தாற்போல் இருந்தது. தம்பி எங்கும் இல்லை. மரக்கண் வெறும் மரக்கண்ணாக இருந்தது.

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அப்படி ஒரு காலை நேரம். அம்மா வாசல் கூட்ட விளக்குமாற்றோடு வந்தாள். கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, மண்டியிட்டு, வலது கையை விரித்து அந்த மரக்கண்ணின் மேல் வைத்தாள். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவே இல்லை. எதையோ நீவிவிடுவதுபோல் விரல்கள் மட்டும் ஒரு தடவை அசைந்தன. கையை எடுத்தபோது சளக்கென்று சத்தம் வந்தது. எண்ணெயில் ஐந்து விரலும் உள்ளங்கையும் அப்படியே பதிந்திருந்தன.

எனக்கு ஒரே சந்தோஷம். விரல் நுனி பட்டதற்கே எனக்கு அந்த அதட்டல். முழுக் கைக்கு அம்மா என்ன வாங்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். அப்பா எண்ணெய்த் துணியோடு வந்தார். கையடையாளத்தைப் பார்த்தார். துணியைக் கதவு வரைக்கும் கொண்டுபோனவர், அங்கேயே நிறுத்தினார். பிறகு அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

தை வெயிலில் எண்ணெய் காய்ந்தது. அம்மாவின் கையும் அதோடு சேர்ந்து காய்ந்து கெட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் கதவுக்கு எண்ணெய் போட்டார் அப்பா, நல்ல வெயிலில்தான் போட்டார். அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போவார்.

எனக்கு ஓரவஞ்சனையாகத்தான் பட்டது. எனக்கு மட்டும் அதட்டல், அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று வெகுநாள் மனத்தாங்கல். தம்பி எவ்வளவு உயரம் இருக்கிறான் என்று தோளுக்கு நேராகக் கை வைத்துக் காட்டியவள் நான்தான். ஆனாலும், நிற்கிற உயரத்தில் அத்தனை பெரிய கதவு இருக்க, அம்மா ஏன் மண்டியிட்டு அவ்வளவு கீழே தொட்டாள் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.