தடுப்புக்கு இந்தப் பக்கம்

பெட்டியின் முன்னால் குனிந்துவிட்டால் மூச்சை அடக்கிக்கொள்வார். மின்விசிறி கூடாது, பக்கத்தில் யாரும் நடக்கக் கூடாது. ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குப் பெயரே பெட்டிக்காரர்தான். அது ஒரு கண்ணாடிப் பெட்டி. ஒரு பக்கச் சுவர் சூடு, எதிர்ச்சுவர் குளிர்ச்சி, நடுவே முக்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு. உள்ளே கொஞ்சம் புகை விட்டு, சூடான காற்று ஏறித் தடுப்பைத் தாண்டுவதை மணிக்கணக்கில் பார்ப்பார். "சூடானா மேல, ஆறினா கீழ. நான் படிச்சது அவ்வளவுதான்" என்பார். வீட்டிலும் விடமாட்டார். விருந்தாளி பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய், கதவிடுக்கில் கையை நீட்டிக் காற்றுப் பார்த்துவிட்டு வருவார்.

இதே வேலையைப் பெட்டியும் புகையும் இல்லாமல் கணினியிலேயே கணக்காகப் போட்டுவிடுகிற ஆள் அடுத்த அறையில். இவருடைய மனைவி. அங்கேதான் இவருக்கு எரிகிறது. புதிதாக வந்த காவலாளி, "மேடத்தோட வீட்டுக்காரர்தானே?" என்று கேட்டு இவரை உள்ளே விட்டான். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. "அவளுக்கென்ன, பட்டனைத் தட்டினா படம் வருது" என்று முணுமுணுப்பார். பொறாமைதான், வேறென்ன.

போன வாரம் இருவர் எண்களும் மோதிக்கொண்டன. தடுப்பைத் தாண்டும் வெப்பம் அவள் கணக்கில் குறைவு, இவர் பெட்டியில் கூடுதல். பெட்டியே சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? அச்சுக்குப் போகவிருந்த அவள் கட்டுரை நின்றுபோனது. ஊருக்கு முன்னால் வருத்தப்பட்டார், உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். அன்று அவளுக்கு அவரே காபி போட்டுக் கொடுத்தார், கல்யாணமானதிலிருந்து இல்லாத வழக்கம்.

நேற்று மறுபடி புகை விட்டுப் பார்க்கிறார். தடுப்பின் அடியில், வெப்பமானிக் கம்பியை நுழைக்க அவரே போட்ட துளை. மெழுகு வைத்து அடைக்க மறந்திருந்தார். குளிர்ந்த பக்கத்துப் புகை ஓர் இழையாக அதன் வழியே நிம்மதியாக இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. காற்றுக்குக் குறுக்குவழி கிடைத்தால் வெப்பம் கூடுதலாகக் கடக்காமல் என்ன செய்யும்? அவள் கணக்குதான் சரி.

அந்த நேரம் பார்த்து அவள் வந்தாள். பெட்டியை முதுகால் மறைத்து நின்றார்.

"தப்பு என்னோடதாத்தான் இருக்கும்ங்க. உங்க கையில தப்பு வராது. கட்டுரைய வாபஸ் வாங்கிக்கறேன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

கதவு வரை போகவிட்டார்.

"ஏய், நில்லு" என்றார், எரிச்சலாக. கையைப் பிடித்து இழுத்துவந்து கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினார். துளைக்கு நேரே விரலை வைத்துவிட்டு, தன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.